மிச்சத்தை யார் குடிப்பது?

எங்கள் கோயிலில் இப்போது நற்கருணைக்குச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள் வந்துவிட்டன. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஒரு தட்டில் நாற்பது கிண்ணம், ஆளுக்கு ஒன்று. ஒருவர் வாய் பட்டது இன்னொருவர் வாயில் படாது. சுத்தம், சுகாதாரம், நேரமும் மிச்சம் என்று இளவட்டங்களுக்கு ஒரே சந்தோஷம். கமிட்டியில் இதுபற்றிப் பெரியவர்களிடம் யோசனை கேட்டபோது நான் வாயே திறக்கவில்லை. எண்பது தாண்டிய கிழவன், பழசை விட மனசில்லாமல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். அந்தக் கிண்ணத்தை எடுக்கும்போது எனக்கு விரல் நடுங்குகிறது. வயசுக் கோளாறு என்கிறாள் மகள். அவளுக்கு நான் எதுவும் சொன்னதில்லை.

அறுபதுகளில் பம்பாயில் எங்களுக்கு ஒரே பாத்திரம்தான். வெள்ளி முலாம் பூசியது, தண்டில் ஒரு நசுங்கல். ஐயர் அதை ஒவ்வொருவர் வாயிலும் வைப்பார். வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைப்பார். கொஞ்சம் திருப்பி அடுத்தவர் வாயில் வைப்பார். எங்கள் ஊர் வேதக்காரர்கள் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். மாட்டுங்காவில் நின்றுகொண்டு ஐயரைப் பார்க்க வந்தேன் என்றால் ஆளுக்கொரு திசையில் கையைக் காட்டுவார்கள். அந்தப் பேட்டையில் அந்தப் பேர் வேறு ஆட்களுக்குச் சொந்தம். ஆனால் எங்கள் கோயில் இருந்தது மாட்டுங்காவில்தான். கோயிலும் எங்களுடையது அல்ல. இங்கிலீஷ் சபைக்காரர்கள் ஞாயிறு காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை எங்களுக்கு விட்டிருந்தார்கள். ஒன்பது மணிக்கு அவர்கள் வந்துவிடுவார்கள். நாங்கள் தாராவியிலிருந்து ரயில் பாலம் ஏறி இறங்கி வெறும் வயிற்றோடு நடந்து வருவோம்.

நாங்கள் எல்லோரும் திருநெல்வேலிக்குத் தெற்கேயிருந்து வந்தவர்கள். தோல் கிடங்கு, மில், ஒர்க்‌ஷாப், கொஞ்சம் பேர் ஆபீஸ். நான் செம்பூரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் டைம்கீப்பர். எச்சில் என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தால் அம்மா மண்டையில் குட்டுவாள். அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். புருஷன் குடித்த டம்ளரைக்கூடப் பெண்டாட்டி கழுவிவிட்டுத்தான் எடுப்பாள். ஊரில் இன்னார் வீட்டில் தண்ணீர் குடிப்போம், இன்னார் வீட்டில் குடிக்கமாட்டோம் என்ற கணக்கெல்லாம் ஞானஸ்நானம் எடுத்து மூன்று தலைமுறை ஆன பிறகும் இருந்தது. ஊர்க் கோயிலில் பீடத்துக்கு யாருக்குப் பின்னால் யார் போவது என்பதை வைத்துக் கைகலப்பு நடந்ததாகக்கூடக் கேள்வி. பம்பாய்க்கு வந்து அதையெல்லாம் தொலைத்துவிட்டோம் என்று எங்களுக்குப் பெருமை பிடிபடாது. நாங்கள் உதடு பட்ட இடத்தில் உதடு வைத்துக் குடித்த ஒரே இடம் அந்தப் பாத்திரம்தான்.

எனக்கு அப்போது முப்பது வயசு. சபைக் கமிட்டியில் செக்ரட்டரி. பம்பாயில் மதுவிலக்கு இருந்த காலம் அது. நற்கருணைத் திராட்சரசத்துக்கும் பர்மிட் எடுக்க வேண்டும். அதை எடுப்பதும், பாட்டிலைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு வருவதும் என் வேலை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவன் எல்லாம் போலீஸ்காரன் மாதிரியே தெரிவான். கல்யாணமாகி இரண்டு வருஷம். மனைவி பிள்ளையாண்டிருந்தாள், ஆறாம் மாதம். செம்பூரில் கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். தாராவியில் சால் என்கிற வரிசைக் குடியிருப்பில், கோலி என்று சொல்கிற ஒற்றை அறையை விட்டுப் போய்விடலாம், தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கும். கோயில் வாசலில் ஆராதனை முடிந்ததும் எங்கள் பேச்சு அதுதான். யாருக்கு எங்கே பிளாட், யார் டிரான்சிஸ்டர் வாங்கினான், டெரிலின் சட்டை கஜம் என்ன விலை. உள்ளே பரலோகம், வெளியே செம்பூர் என்று நான்தான் கிண்டல் செய்வேன். கிண்டல் செய்கிறவன் தப்பித்துக்கொண்டான் என்று ஒரு நினைப்பு.

அந்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி திரும்பி வந்தார்.

அவரை நான் எப்படி மறப்பேன்? ஊரிலிருந்து தகரப் பெட்டியோடு நான் வந்து இறங்கியபோது, ஒரு ஊர்க்காரர் என்ற ஒரே பாத்தியதையில் தன் பாயில் பாதியை எனக்குக் கொடுத்தவர். தோல் கிடங்கில் வேலை. விடியற்காலையில் முனைச் சாயாக்கடையில் ஒரே ஒரு சாயா வாங்குவார். பாதி குடித்துவிட்டு அந்தக் கிளாஸை அப்படியே என் கையில் கொடுப்பார். மீதியை நான் குடிப்பேன். வேலை கிடைக்கும்வரை நான்கு மாதம் அப்படித்தான். பசித்த வயிற்றுக்கு எச்சில் என்ற நினைப்பே வரவில்லை. பிறகு எனக்கு வேலை கிடைத்து நான் வேறு கோலிக்குப் போனேன். அவருக்கு விரலில் உணர்ச்சி போயிற்று. பீடி சுட்டதுகூடத் தெரியவில்லை என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே காட்டினார். வடாலாப் பக்கம் இருந்த பெருவியாதி ஆஸ்பத்திரிக்குப் போனார். நான்கு வருஷம் அங்கேயே இருந்தார். நான் பார்க்கப் போனது ஒரே தடவை. அதுவும் கேட்டுக்கு வெளியே நின்று பழம் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது வியாதி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அவர் சட்டைப் பையில் இருந்தது. கேட்கிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். ஆனால் சீட்டை நீட்டிய கையில் விரல்கள் பாதிதான் இருந்தன. மூக்கு உள்ளே போயிருந்தது. ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பித்ததும் அதே பழைய கட்டைக் குரல் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் ஆண்கள் போவோம், பிறகு பெண்கள். பீடத்துக்கு முன்னால் மரக் கிராதியில் பத்துப் பத்துப் பேராக முழங்கால் படியிடுவோம். கடைசி ஆட்களை அனுப்பிவிட்டுப் போவது என் வழக்கம். அன்றும் கடைசி வரிசையில் போய் முழங்கால் போட்டேன். எனக்கு வலது பக்கத்தில் வந்து அண்ணாச்சி முழங்கால் போட்டார். ஐயர் பாத்திரத்தோடு வலமிருந்துதான் வருவார்.

அவர் குடித்த சத்தம் எனக்குக் கேட்டது. உதடு சரியாகக் கூடாததால் கொஞ்சம் உறிஞ்சுகிற சத்தம் வந்தது. துணி விளிம்பில் உரசியது. அடுத்து நான். பாத்திரத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்தேன், தலையைச் சாய்த்தேன். உதட்டை இறுக மூடிக்கொண்டேன். ரசம் வந்து மூடிய உதட்டில் குளிர்ச்சியாக நின்றது. நான் தொண்டையை மட்டும் விழுங்குவது போல அசைத்தேன். இதையெல்லாம் முன்கூட்டி யோசிக்கவில்லை, அந்த க்ஷணத்தில் உடம்பு தானாகச் செய்தது என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கிராதிக்கு நடந்து வரும்போதே யோசித்துவிட்டேன். வயிற்றுப் பிள்ளையை நினைத்தேன், அதுவும் உண்மை. ஐயர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாத்திரத்தைக் கையில் வைத்திருக்கிறவருக்கு யார் குடித்தார், யார் குடிக்கவில்லை என்று தெரியாமல் இருக்குமா?

இடத்துக்கு வந்து உட்கார்ந்து கைக்குட்டையால் உதட்டைத் துடைத்த பிறகுதான் பெண்கள் பக்கம் பார்த்தேன். அவர்கள் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். என் மனைவி முதல் வரிசையில் முழங்கால் படியிட்டிருந்தாள். பாத்திரம் அவள் வாய்க்குப் போயிற்று. நான் எழுந்திருக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டு என்னவென்று சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் குடித்தாயா என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டேன். அவள் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. ஆனா நீங்க குடிச்சியள்லா. அந்தத் தைரியத்துலதான் நானும் குடிச்சேன்” என்றாள்.

அந்த வார்த்தையை இன்றுவரை என்னால் இறக்கி வைக்க முடியவில்லை. கனவில் அந்தப் பாத்திரம் வரும். முகம் கிடையாது, கை கிடையாது. நசுங்கிய தண்டோடு பாத்திரம் மட்டும் வந்து என் மூடிய உதட்டில் நிற்கும். பின்னால் அவள் குரல் கேட்கும். நான் வாயைத் திறக்கப் பார்ப்பேன், திறக்காது.

சபையில் என்னைப் போலச் சாமர்த்தியசாலிகள் எல்லோரும் இல்லை. வாய் விட்டே பேசிவிட்டார்கள். அந்த வாரமே கமிட்டி கூடியது. இங்கிலீஷ்காரர்களுக்குத் தெரிந்தால் கோயிலைப் பூட்டிவிடுவார்கள் என்றார் ஒருவர். டாக்டர் சீட்டு தந்திருக்கலாம், சீட்டையா குடிக்கப் போகிறோம் என்றார் இன்னொருவர். அவர் வரவே வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. ஆனால் எல்லோர் மனசிலும் அதுதான் இருந்தது. அப்போது நான்தான் வழி கண்டுபிடித்தேன். வியாதிப்பட்டவர்கள் வரட்டும், தாராளமாக வரட்டும். ஆண்களும் பெண்களும் எடுத்து முடித்த பிறகு கடைசியாக வரட்டும். அவர்களுக்குப் பிறகு யாரும் குடிக்கப் போவதில்லை. யாருக்கும் பயமில்லை, யார் மனசும் புண்படாது. எல்லோருக்கும் மூச்சு வந்தது. செக்ரட்டரி என்றால் இவனல்லவா செக்ரட்டரி என்று முதுகில் தட்டினார்கள். தீர்மானத்தை என் கையாலேயே நோட்டில் எழுதினேன்.

எங்கள் ஐயர் பெரிய பிரசங்கியார் அல்ல. சொன்னதையே சொல்வார், நடுவில் மறந்துபோவார், மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். கான்வென்டில் படித்த பிள்ளைகள் அவரைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அன்று அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, “சரி. கடைசி யாருன்னு நல்லா யோசிச்சுக்கிட்டியளா?” என்று மட்டும் கேட்டார். அண்ணாச்சிதான் ஐயா கடைசி என்றேன். மனுஷருக்கு இது கூடப் புரியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அண்ணாச்சியிடம் சொல்லும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. மாஹிம் கழிமுகத்துப் பக்கம் தகரக் குடிசை ஒன்றில் இருந்தார். நான் வாசலிலேயே நின்று, தீர்மானத்தை வளைத்து வளைத்துச் சொன்னேன். அவர் சுற்றி வளைக்காமல் கேட்டுக்கொண்டார். உள்ளே வரச் சொல்லவும் இல்லை, சாயா வேண்டுமா என்று கேட்கவும் இல்லை. என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்றுதான் கேட்கவில்லை. அது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

“கடைசின்னா கடைசி, எனக்கு என்ன கொறஞ்சுபோச்சு? ஆனா தம்பி, மிச்சத்த யாரு குடிப்பா?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. பாத்திரத்தில் மிச்சம் இருந்தால் கொட்டக் கூடாது, ஐயர்தான் குடித்துத் தீர்க்க வேண்டும், ஜெபப் புஸ்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று அவர் சொன்னார். சின்ன வயசிலிருந்து நானும் பார்த்ததுதான். ஆராதனை முடியும் தறுவாயில் ஐயர் பீடத்துப் பக்கம் திரும்பி நின்று குடிப்பார். எங்களுக்கு அவர் முதுகு மட்டும் தெரியும். அதற்குள் நாங்கள் அடுத்த பாட்டுக்குப் பக்கம் புரட்டிக்கொண்டிருப்போம். கமிட்டியில் உட்கார்ந்து, எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒருவருக்கும் அது தோன்றவில்லை. இவருக்குத்தான் தோன்றியது. அது ஐயர் பாடு அண்ணாச்சி, நமக்கென்ன என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு. பீடத்தில் ஒத்தாசைக்கு நிற்கிற கோயில்பிள்ளை லீவில் ஊருக்குப் போயிருந்தார். அந்த இடத்தில் நான் நின்றேன், துணியும் தண்ணீர்க் கூஜாவும் என் கையில். தீர்மானம் போட்டும் பாதிப் பேர் எழுந்து வரவில்லை. ஐயரோ வழக்கமான அளவு ரசம் வார்த்து வைத்திருந்தார். ஆண்கள் முடிந்து, பெண்கள் முடிந்து, கிராதி காலியானது. அண்ணாச்சி கடைசி பெஞ்சிலிருந்து தனியாக நடந்து வந்தார். அத்தனை நீளக் கோயிலில் ஒரு ஆள் நடந்து வருவதை நூறு பேர் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

அப்பத்தை வாங்கிக்கொண்டார். பாத்திரம் வந்ததும் பாதி விரல்கள் உள்ள அந்தக் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு, வேண்டாம் என்று தலையை அசைத்தார். ஐயர் நகரவில்லை. குனிந்தார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது.

“எனக்காவயா வேண்டாங்கீரு? நாலு வருசமா ஆஸ்பத்திரியில ஒங்க எல்லாருக்கும் பொறவு நான்தான குடிக்கேன்” என்றார்.

நான் கூஜாவைக் கீழே போடாமல் இருந்தது ஆச்சரியம். மாதாமாதம் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் அவர் நற்கருணை கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் குடித்த மிச்சத்தைக் குடித்துவிட்டு வந்தார். எங்கள் கோயிலில் முதலில் குடிக்கிறவர் அவர்தானே? அவர் வாய் வைத்த பிறகுதானே எங்களுக்கு வரும்? நான்கு வருஷமாக நாங்கள் எல்லோரும், கமிட்டிக்காரர்கள் உட்பட, அந்த வரிசையில்தான் குடித்துக்கொண்டிருந்தோம். கடைசி என்று நான் கண்டுபிடித்த இடம் எங்குமே இல்லை. சுற்றிச் சுற்றி எங்களிடமே வந்துகொண்டிருந்தது. அவர் அதை யாரிடமும் சொல்லவும் இல்லை, பிரசங்கத்தில் ஒரு வார்த்தை பெருமையாகப் போட்டுக்கொள்ளவும் இல்லை.

அண்ணாச்சி கையை எடுத்தார். குடித்தார். கண் நிறைந்திருந்தது.

பாத்திரத்தில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. ஐயர் என் பக்கம் திரும்பினார். கூட இருப்பவர்களைத் துணைக்குக் கூப்பிடலாம் என்றும் அந்தப் புஸ்தகத்தில் இருக்கிறது. பாத்திரத்தை என்னிடம் நீட்டி, “வாங்க தம்பி, ஒத்தையில இவ்வளவும் என்னால ஏலாது” என்றார். என்னைச் சோதிக்கிற குரல் இல்லை அது, ஒரு கனமான பெட்டிக்கு ஒரு கை கொடு என்று கேட்கிற குரல். அண்ணாச்சி இன்னும் முழங்காலில்தான் இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், வயிறு சரியில்லை என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினேன்.

ஐயர் திரும்பி நின்று குடித்தார். தண்ணீர் வார்த்துக் கழுவி அதையும் குடித்தார், மறுபடியும் வார்த்து மறுபடியும் குடித்தார். முந்தின நாளிலிருந்து ஒன்றும் சாப்பிடாத மனுஷர். காது சிவந்துவிட்டது. உள்ளறைக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். மதுவிலக்கு ஊரில் நம் ஐயருக்கு மட்டும் யோகம் என்று வாசலில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பு அடங்கியிருக்கும். சொன்னால் நான் ஏன் குடிக்கவில்லை என்றும் சொல்ல வேண்டி வருமே.

வீட்டுக்கு நடந்தோம். ரயில் பாலத்தின் மேலே ஏறியதும் மனைவி மூச்சு வாங்க நின்றாள். ஏழு மாத வயிறு. கீழே ஒரு லோக்கல் போய் முடியும்வரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்.

“இன்னைக்கு மாதிரி அன்னைக்கும் நீங்க குடிக்கலையா?”

எனக்குக் கோபம் வந்தது. மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற கோபம். உனக்காகத்தான், வயிற்றுப் பிள்ளைக்காகத்தான், வேறு யாருக்காக என்று பாலத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

“எனக்காவன்னா, என்னையல்லா தடுத்திருக்கணும்” என்றாள்.

படியில் இறங்கினோம். அந்த மாதம் முழுக்க அவள் அதைப்பற்றிப் பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், குவார்ட்டர்ஸ் எப்போது கிடைக்கும் என்று கேட்டாள். எனக்குத்தான் வீட்டில் யாரோ மூன்றாவது ஆள் இருப்பது போல இருந்தது.

அதற்கடுத்த முதல் ஞாயிறு கோயில்பிள்ளை ஊரிலிருந்து வந்துவிட்டார், நான் பெஞ்சில் இருந்தேன். பெண்கள் எழுந்து போனார்கள். என் மனைவி எழுந்திருக்கவில்லை. எட்டு மாதம், நிற்க முடியவில்லை போல என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் எனக்கு ஆசை. பெண்கள் எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி தனியாக நடந்து போய் முழங்கால் போட்டார். அப்போது அவள் எழுந்தாள். முன் பெஞ்சைப் பிடித்து, நடுப்பாதையைப் பிடித்து, மெதுவாகப் போனாள். கிராதியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு அண்ணாச்சிக்கு அடுத்தாற்போல முழங்கால் படியிட்டாள்.

அண்ணாச்சி பதறி நகரப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள், அவ்வளவுதான். அவர் குடித்தார். ஐயர் விளிம்பைத் துடைத்தார். மற்றவர்களுக்கு எப்படித் துடைப்பாரோ அப்படித்தான், ஒரு துடைப்புக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. திருப்பினார். அவள் குடித்தாள்.

எனக்குப் பின்னால் யாரோ, செக்ரட்டரி வீட்டு அம்மாவே தீர்மானத்தை உடைக்கிறாளே என்று முணுமுணுத்தார்கள். எழுந்து போய் அவள் பக்கத்தில் முழங்கால் போட எனக்குப் பத்தடிதான் தூரம். விசுவாசத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். கன்வென்ஷன் பந்தல்களில் மைக் வைத்துக் கத்தியவர்களைக் கேட்டிருக்கிறேன். நானே ஞாயிறு பள்ளியில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். அதை முகத்துக்கு நேராகப் பார்த்தது அந்த ஒருநாள்தான். வெளிறிய நூல் புடவை கட்டியிருந்தது. கால் வீங்கியிருந்தது. நான் என் இடத்திலேயே இருந்தேன்.

அந்தத் தீர்மானத்தை யாரும் ரத்து செய்யவில்லை. நோட்டில் இன்னும் இருக்கும். அடுத்த மாதம் இன்னொரு பெண் அவளுக்குப் பின்னால் போனாள், பிறகு மில் வேலைக்காரர் ஒருவர். வருஷம் திரும்புவதற்குள் கடைசி என்ற பேச்சே போய்விட்டது. எல்லோரும் குடிக்கத் தொடங்கிய பிறகு நானும் அண்ணாச்சிக்குப் பிறகு குடித்தேன். எல்லோரும் செய்வதைச் செய்ய எனக்கு எப்போதும் தைரியம் உண்டு. அண்ணாச்சி ஏழெட்டு வருஷம் இருந்துவிட்டு நெஞ்சுவலியில் போனார். ஒருநாளும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வயிற்றில் இருந்த பிள்ளை பெண்ணாகப் பிறந்தாள், ஒரு குறையும் இல்லாமல். வயசுக் கோளாறு என்று சொல்கிற மகள் அவள்தான்.

ஆனால் அண்ணாச்சிக்குப் பின்னால் அவள் முதன்முதலாகக் குடித்த அன்று, கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒன்று நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு சொன்னதற்கும் அர்த்தமில்லை.

அவள் காப்பி போட்டாள். வழக்கமாக இரண்டு டம்ளர் வைப்பாள். எனக்கு முதலில் தருவாள், தன்னுடையதை அடுப்படியில் நின்று அண்ணாந்து குடிப்பாள். அன்று ஒரு டம்ளர்தான் ஊற்றினாள். என் எதிரே தரையில் சிரமப்பட்டு உட்கார்ந்தாள். டம்ளரை உதட்டில் வைத்து, வாய் பட, நிதானமாகப் பாதியைக் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். மிச்சத்தை என் முன்னால் வைத்து, “குடிங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் சிரித்தாள் என்றுகூட எனக்கு ஞாபகம்.

டம்ளர் விளிம்பில் அவள் உதட்டு ஈரம் தெரிந்தது. ஒருமணி நேரத்துக்கு முன்னால் அண்ணாச்சிக்குப் பிறகு குடித்த உதடு. நான் டம்ளரை எடுத்தேன். குடித்துவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன். என் கைக்குள் டம்ளர் அரை வட்டம் திரும்பியது. அவள் வாய் படாத பக்கத்தில் குடித்தேன். அதை நான் உணர்ந்தபோது காப்பி தீர்ந்துவிட்டது. டம்ளர் திரும்பும்போதே அவள் பார்த்துவிட்டாள்.

டம்ளரை வாங்கிக் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அதற்குப் பிறகு நாற்பத்தோரு வருஷம் என்னோடு வாழ்ந்தாள். தாராவியிலும் செம்பூரிலும் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. தான் குடித்த டம்ளரை மட்டும் ஒருநாளும் என் முன்னால் வைத்ததில்லை.